சந்தியாகப்பருக்குக் கீழே ரெஸ்ட்

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. இந்தப் பை நம்மளுதுதான், காலடியில வச்சிக்கிடுதேன். உள்ள வேற ஒண்ணும் இல்ல, சாப்பாடு. மூணு பொட்டலம். மத்தியானத்துக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு, எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொண்ணு. திருநெல்வேலி போயிட்டு வார மனுசனுக்கு மூணு பொட்டலம் கட்டுதவளை எங்கயாவது பாத்திருக்கியளா? எம் பொஞ்சாதி பிலோமினா கட்டியிருக்கா. கல்யாணம் முடிச்ச இருவத்தெட்டு வருசத்துல இன்னைக்குத்தான் எம்மேல இவ்வளவு பாசம் வந்திருக்கு.

நீங்க எங்க, திருநெல்வேலியா? நல்லதாப் போச்சு. பேசிகிட்டே போவலாம்.

நம்ம ஊரு நடுத்துறை. கடற்கரை ஊரு. பேரு கஸ்பார். ஐஸ் பிளான்ட்ல வேலை. ஆனா கஸ்பார்னு கேட்டா எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது, கோச்சுன்னு கேட்டா நாய்கூட வீட்டைக் காட்டும். பதினாறு வருசமா எங்க ஊர் ஃபுட்பால் டீமுக்கு நாந்தான் கோச்சு. எத்தனை கப்பு வாங்கியிருக்கிய்யன்னு கேக்காதிய. எல்லாரும் மொதல்ல அதைத்தான் கேக்கிறாவ.

எங்களுக்கு அடுத்த ஊரு கீழமணல். நடுவுல ஒரே ஒரு ஓடை. அவன் ஊர்ல குழம்பு கொதிச்சா எங்க ஊர்ல வாசனை அடிக்கும், அவ்வளவு பக்கம். எந்தங்கச்சி எலிசாவை அந்த ஊர்லதான் கட்டிக் குடுத்திருக்கு. மாப்பிள்ளை விக்டரு. நல்ல மனுசன், தங்கமான மனுசன், ஆனா கீழமணல் டீமுக்கு கோச்சு. இதை கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கய்யா விசாரிச்சிருக்கணும்.

வருசா வருசம் நடுத்துறை கீழமணல் மேட்சு முடிஞ்சதும் எலிசா வீட்டுல சாப்பாடு. ரெண்டு குடும்பமும் ஒண்ணா உக்காருவோம். முழு சீலா மீன் வாங்கிக் குழம்பு வைப்பா. குழம்புச் சட்டியைக் கொண்டு வந்து வச்சிட்டு, ரெண்டு கோச்சும் முகத்தைத் தூக்கி வச்சிட்டு இருப்போம்ல, சிரிச்சுகிட்டே சொல்லுவா, "தலை ஜெயிச்ச ஊர்க்காரனுக்கு, வாலு தோத்த ஊர்க்காரனுக்கு." சீலா தலை எப்பிடி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? அந்தக் கன்னத்துச் சதை இருக்கே... எனக்கு மறந்து போச்சு தம்பி. பதினொரு வருசமா வாலுதான். வால்ல என்ன இருக்கு? முள்ளுதான் இருக்கு. விக்டரு அந்தத் தலையை உறிஞ்சுத சத்தம் இருக்கு பாருங்க, தூக்கத்துல கேக்கும் எனக்கு.

ஒரே ஒரு வாட்டி. சாவுததுக்குள்ள ஒரே ஒரு வாட்டி அந்தத் தலை என் தட்டுல விழணும். அவ்வளவுதான் என் ஆசை. எங்க அய்யா வீடு கட்டணும்னு ஆசைப்பட்டாவ, எங்க அண்ணன் சவுதி போவணும்னு ஆசைப்பட்டான். எனக்கு மீன் தலை.

போன வருசம் கிடைச்சிருக்கணும். கைக்கு வந்தது. அந்த ராயப்பன் கெடுத்தான்.

சொல்லுதேன் கேளுங்க. ஏழு ஊரு சேந்து லீக் நடத்துதோம். மொதல் ரெண்டு ஊரு பைனல் ஆடும். போன வருசம் நாங்களும் கீழமணலும் பைனலுக்கு வந்தாச்சு, ஆனா எங்களுக்கு ஓடைக்கரைக்காரனோட ஒரு மேட்சு பாக்கி கெடந்துச்சு. ஜெயிச்சாலும் ஒண்ணுமில்ல, தோத்தாலும் ஒண்ணுமில்ல. சும்மா போய் ஆடிட்டு வரணும். அடுத்த ஞாயிறு பைனலு.

அப்பதான் எனக்கு யோசனை வந்துச்சு. டிவியில பாக்கிறோம்ல, வெளிநாட்டுல பெரிய மேட்சுக்கு முன்னாடி நல்ல ஆளுவளை உக்கார வச்சிருதான். சின்ன மேட்சுக்கு மத்தவனை இறக்குதான். நம்ம ஏன் செய்யக்கூடாது? இந்தக் கடற்கரை முழுசுக்கும் கேட்டுப் பாருங்க, ப்ளேயருக்கு ரெஸ்ட் குடுத்த மொதக் கோச்சு நாந்தான். அதுல எனக்கு இன்னைக்கும் பெருமைதான்.

நாலு பேருக்குக் குடுத்தேன். நாலும் பனைமரம் மாதிரி உசரம். முக்கியமா எங்க கோலி, அதான் கோல் கீப்பரு, சிலுவை. அவன் கையை விரிச்சு நின்னான்னா கோல் போஸ்ட்டுல பாதி தெரியாது. அவனைக் கூப்பிட்டு, "மக்கா, இந்த மேட்சு உனக்கு ரெஸ்ட்டு. நீ முக்கியமான ஆளு. அடுத்த வாரம் நீ ஃப்ரெஷ்ஷா வேணும்"னு சொன்னேன். அவன் முகம் சுருங்கிப் போச்சு. "நான் என்ன தப்பு செஞ்சேன் மாமா?"ன்னு கேட்டான். எனக்கு சிரிப்பு தாங்கலை. ஏல கிறுக்கா, தப்பு செஞ்சவனுக்கு யாராவது ரெஸ்ட் குடுப்பானா? முக்கியமான ஆளுக்குத்தான்ல ரெஸ்ட்டு! முதுகுல ரெண்டு தட்டு தட்டி அனுப்புனேன். போய்ப் படுத்திரு, ஒரு கல்லைக்கூட காலால தட்டாதன்னு சொல்லித்தான் அனுப்புனேன்.

அவனுக்குப் பதிலா செலஸ்டின். பஜார்ல டெய்லரு. கட்டையன். சிலுவையோட பச்சைச் சட்டையைப் போட்டா முழங்காலுக்கு வருது. ராவோட ராவா மிஷின்ல வச்சு ரெண்டு பக்கமும் பிடிச்சு, கீழ மடிச்சு அடிச்சு, டிப்டாப்பா வந்து நிக்கான். கோலிக்கு எதுக்குய்யா ஃபிட்டிங்? எனக்கு அப்பவே அவனைப் பிடிக்கலை.

இப்ப என்ன ஆச்சுன்னா, அந்த ஓடைக்கரை மேட்சு அன்னைக்கு எங்க ஊர்ல பத்தாந்திருநாள். எங்க கோயில்ல பாதுகாவலர் சந்தியாகப்பர். மத்த ஊர்ல எல்லாம் சாமி நின்னுகிட்டு இருப்பாவ. கனம் கொறைவு. எங்க ஆளு குதிரை மேல உக்காந்திருக்காரு. குதிரையும் சேத்துத் தூக்கணும். அதுவும் சும்மா குதிரையா? ரெண்டு காலைத் தூக்கிகிட்டு நிக்கி, ஒரே தேக்கு. சப்பரம் மூணு மணிக்குக் கோயிலை விட்டு இறங்குனா, நாலு தெருவும் மணல்ல சுத்தி, ஏழு மணிக்குத்தான் ஏறும்.

வீட்டுக்கு ஒரு ஆம்பளை தோள் குடுக்கணும். அது ஊர்ச் சட்டம். சீக்காளிக்கு விலக்கு உண்டு, வெளிநாட்டுல இருக்கிறவனுக்கு விலக்கு உண்டு, பொறவு அன்னைக்கு ஊர்ச் சட்டை போட்டு ஆட்டம் ஆடுறவனுக்கு விலக்கு உண்டு. இந்தக் கடைசி விலக்கை வாங்கிக் குடுத்தது யாரு? நான். பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி ஃபாதர் முன்னாடி நின்னு, கமிட்டியோட சண்டை போட்டு வாங்குனேன். "ஆடுறவனுக்கு மட்டும்"னு நோட்டுல எழுதுங்கன்னு நாந்தான் சொன்னேன். இல்லைன்னா ஊர்ல உள்ள சோம்பேறிப் பயலுவ எல்லாம் நானும் டீம்லதான் இருக்கேன்னு வந்து நிப்பானுவள்ல?

சிரிக்கிய. புரிஞ்சு போச்சா? இருங்க, முழுசாக் கேளுங்க.

சப்பரத்துக்குத் தலைவர் ராயப்பன். தலையை எண்ணிப் பாக்கான், நாலு தோள் குறையுது. எப்பவும் தூக்குத நாலு பேரு, செலஸ்டினும் மத்த மூணு பேரும், எங்கூட ஓடைக்கரைக்கு ஆட வந்துட்டானுவ. விலக்கு அவனுவளுக்குப் போயிருச்சு. அந்தானைக்கு நேரா சிலுவை வீட்டுக்குப் போயிருக்கான். இவன் நான் சொன்ன மாதிரியே பாயை விரிச்சுப் படுத்திருக்கான், பாவம். "ஏல, இன்னைக்கு நீ ஆடலியா?" "ஆடலை மாமா." "அப்ப தோளைக் குடு." "கோச்சு ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காவ." அதுக்கு அந்த ராயப்பன் சொல்லியிருக்கான், "சந்தியாகப்பருக்குக் கீழ வந்து எடுல ரெஸ்ட்டை."

செலஸ்டின் நின்னா ஒரு கெடுதலும் இல்ல. அவன் தோளுக்கும் சப்பரத் தண்டுக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி. வருசா வருசம் சும்மா கையால தண்டைத் தொட்டுகிட்டு, வேர்க்காம விறுவிறுக்காம நடந்து வருவான். அந்த எடத்துல சிலுவை. ஊர்லயே உசரமானவன். மொத்தக் குதிரையும் அவன் வலது தோள்ல வந்து உக்காந்திருச்சு.

நான் எங்க இருக்கேன்? ஓடைக்கரையில. அஞ்சுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சோம். அது ஒரு விசயம் இல்ல, விடுங்க. செலஸ்டின் ரெண்டு பெனால்ட்டி பிடிச்சான். பிடிச்சான்னா, அவன் சும்மா குறுக்க விழுந்தான், பந்து அவன் மேல வந்து பட்டுச்சு. ரெண்டு வாட்டியும். கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்துல நின்ன எங்க டீம் செயலாளர் பர்னபாஸ் குதிக்கான், அழுவுதான், செலஸ்டினைத் தூக்கிகிட்டு ஓடுதான். எனக்குக் கவனமே அங்க இல்ல. எங்கண்ணு முன்னால சிலுவை பாய்ல படுத்திருக்கான், அசந்து தூங்குதான், அவன் உடம்புல ஒவ்வொரு நரம்பும் ஃப்ரெஷ்ஷா ஆயிகிட்டு இருக்கு. அதை நினைச்சு நினைச்சு சந்தோசப்பட்டுகிட்டு இருக்கேன்.

வேன்ல ஊருக்கு வாரோம். பஜார் முக்குல சப்பரம். பேண்டு வாத்தியம், பூ, லைட்டு. நான் இறங்கி சிலுவைக்குறி போட்டுட்டு அண்ணாந்து பாக்கேன். சாமியைப் பாத்தேன், குதிரையைப் பாத்தேன், அப்பிடியே கண்ணைக் கீழ இறக்குனேன். குதிரை வயித்துக்குக் கீழ எம் ப்ளேயர் முகம். நாக்குத் தள்ளிப் போய் நிக்கான். பின்னால மத்த மூணு பேரு. நாலு மணி நேரமாத் தூக்கியிருக்கானுவ தம்பி! நான் "ராயப்பா, நீ நல்லா இருப்பியாவே!"ன்னு கத்துதேன், அவன் என்னமோ நான் ஆசீர்வாதம் பண்ணுன மாதிரி கும்பிடுதான்.

மறுநாள் சிலுவைக்கு வலது கை காதுக்கு மேல போவலை. பிலோமினாதான் தைலம் தேச்சு விட்டா. நாலு நாளு தேச்சா. வெள்ளிக்கிழமை எங்கிட்ட வந்து, "இந்தா பாருங்க, இவன் கையைத் தூக்க முடியாம இருக்கான். பேசாம செலஸ்டினைப் போடுங்க"ங்கா. பொம்பளைக்கு ஃபுட்பாலைப் பத்தி என்ன தெரியும்? அவனுக்குத்தானே நான் ரெஸ்ட் குடுத்து வச்சிருக்கேன். ரெஸ்ட் எடுத்தவனை விட்டுட்டு ரெஸ்ட் எடுக்காதவனை ஆட விட்டா உலகம் என்ன சொல்லும்? சிலுவைகிட்ட கேட்டேன், வலிக்கால? இல்ல மாமாங்கான். அவ்வளவுதான். அவனே சொல்லிட்டான்.

மூணுக்கு சைபர். மூணும் வலது பக்கம், மேல் மூலை. மொத கோல்ல சிலுவை தாவுனான், கை பாதியில நின்னுகிட்டுச்சு. பஸ்ஸை நிப்பாட்டக் கை காட்டுதவன் மாதிரி நிக்கான். விக்டரு கண்டுபிடிச்சிட்டான். பொறவு எல்லாப் பந்தும் அங்கதான். இடைவேளையில பர்னபாஸ் எங்காதுக்குள்ள வந்து, "அண்ணே, செலஸ்டினை விடுவோமா? அவன் சட்டையைப் போட்டு ரெடியா நிக்கான்"னான். நான் விடுவேனா? ரெஸ்ட் குடுத்து வச்ச ஆளை வெளிய இழுத்தா அந்த ரெஸ்ட்டுக்குத்தான் என்ன மரியாதை?

வாலு. அன்னைக்கும் வாலு. விக்டரு என் தட்டைப் பாத்து, "மச்சான், கொஞ்சம் தலையில பிச்சுக்கிடுதியளா?"ன்னு கேட்டான். அது எனக்கு எப்பிடி இருந்திருக்கும் சொல்லுங்க.

ஒரு வருசமா ராயப்பனோட நான் பேச்சு வார்த்தை கிடையாது. தப்பு யாரு பேர்லன்னு நீங்களே சொல்லுங்க. சாமி காரியம், நான் குறை சொல்லக் கூடாது. ஆனா குதிரை இல்லாமயும் ஒரு சுரூபம் செஞ்சிருக்கலாம்.

சரி, அது போன வருசம். இந்த வருசத்துக்கு வாங்க. மறுபடியும் பைனலு, மறுபடியும் கீழமணல். இன்னைக்குத்தான் தம்பி. இன்னைக்கு நாலு மணிக்கு. கீழமணல் கிரவுண்டுல.

பாத்தியளா, பாத்தியளா! நீங்க பாக்கிற பார்வை தெரியுது. மேட்சை வச்சுகிட்டு கோச்சு பஸ்ல என்ன செய்யுதான்னுதானே? அதுலதான் விசயமே இருக்கு. எனக்கு ரெஸ்ட்டு!

ஆமா. வியாழக்கிழமை பர்னபாஸ் கமிட்டி ஆளு ரெண்டு பேரைக் கூட்டிகிட்டு வீட்டுக்கு வந்தான். பிலோமினா காப்பி போட்டுக் குடுத்துட்டு அங்கனயே நின்னா, வழக்கமா உள்ள போயிருவா. பர்னபாஸ் சொல்லுதான், "அண்ணே, பதினாறு வருசமா ஓடுதிய. இந்த மேட்சு உங்களுக்கு ரெஸ்ட்டு. நீங்க முக்கியமான ஆளு. அடுத்த மாசம் மாவட்டப் போட்டி வருது, அதுக்கு நீங்க ஃப்ரெஷ்ஷா வேணும்." எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நம்ம ஊருக்கு நாம கத்துக் குடுத்த வித்தை. அதை நமக்கே செய்யுதானுவ பாருங்க! வீட்டுல இருந்தா மனசு கேக்காது, கிரவுண்டுக்கு ஓடிருவிய, அது ரெஸ்ட் ஆவாது, அதனால திருநெல்வேலிக்குப் போயி ஸ்போர்ட்ஸ் கடையில புது கோல் வலை ஒண்ணு பாத்து எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பி வச்சிருக்கானுவ. உங்களைத் தவிர யாருக்கும் வலை பாத்து எடுக்கத் தெரியாதுங்கான். அது உண்மைதான்.

பஸ் ஏத்திவிட வந்தானுவ எல்லாரும். பர்னபாஸ், சிலுவை, கமிட்டி ஆளு. பஸ்ஸு கிளம்பி முக்கு திரும்புத வரைக்கும் நின்னு கை ஆட்டுனானுவ. சிலுவை மட்டும் ஆட்டலை. சன்னல்கிட்ட வந்து எங்கையை ஒரு வாட்டி பிடிச்சுகிட்டான். என்னல மக்கான்னேன். ஒண்ணுமில்ல மாமான்னான். கண்ணு கலங்கியிருக்கு. பாசக்காரப் பய.

செலஸ்டின்தான் வரலை. அவனுக்கு எங்க நேரம்? நேத்து பஜார்ல அவன் கடையில எட்டிப் பாத்தேன், பச்சைத் துணியை வச்சு என்னமோ மும்முரமா தைச்சுகிட்டு இருக்கான். என்னலன்னு கேட்டா வெடுக்குனு மடிக்குள்ள சுருட்டிகிட்டு "சும்மா அண்ணே"ங்கான். பொம்பளைக்கு ஜாக்கெட்டா இருக்கும்.

என்ன? என்ன கேட்டிய?

ஆமா, ஞாயித்துக்கிழமைதான். காலையில பூசை கண்டுட்டுத்தானே வாரேன்.

கடையா?

...இருக்காது. ஞாயித்துக்கிழமை ஸ்போர்ட்ஸ் கடை திறக்காது. எனக்குத் தெரியும். பதினாறு வருசமா அந்தக் கடைக்குப் போறேன், எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை அவரு ஷட்டரை இழுத்துட்டு ஊருக்குப் போயிருவாரு. பர்னபாஸுக்கும் தெரியும். அவனையும் ஒரு வாட்டி ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போயி பூட்டைப் பாத்துட்டு ரெண்டு பேருமாத் திரும்பி வந்தோம்.

கொஞ்சம் இருங்க தம்பி.

பச்சை கோலி சட்டை. சிலுவை சட்டையை மடிச்சுத் தைக்கலை செலஸ்டின் இந்த வாட்டி. அவன் அளவுக்குப் புதுசாவே தைச்சிருக்கான்.

பிலோமினாவுக்கும் தெரியும். மூணு பொட்டலம். ராத்திரிக்கும் சேத்துக் கட்டியிருக்காள்ல.

ஒண்ணுமில்ல தம்பி, தண்ணி வேண்டாம். சரியாயிரும். ஊரே கூடி ஒரு ஆளை எவ்வளவு மரியாதையா அனுப்பி வச்சிருக்கு பாத்தியளா. ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா ஒரு சொல்லு சொல்லலை. நான் மனசு நோவக் கூடாதுன்னு நினைச்சிருக்கானுவ. அதுதான் இன்னும் நோவுது. அந்தப் பய சிலுவை அன்னைக்கு எங்கிட்ட கேட்டான்ல, நான் என்ன தப்பு செஞ்சேன்னு. நான் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது.

கை தூக்க முடியாத கோலியை நிப்பாட்டுனது நாந்தான். ராயப்பன் இல்ல. செலஸ்டின் ரெண்டு பெனால்ட்டியும் நல்லாத்தான் பிடிச்சான். ரெண்டாவது பந்துக்கு அவன் இடது பக்கம் விழுந்தான் பாருங்க, அந்தக் கட்டை உடம்பை வச்சுகிட்டு, நான் பாத்தேன், பாக்காத மாதிரி இருந்தேன். போன வருசமே அவனைப் போட்டிருக்கணும்.

மணி என்ன? ஒண்ணே முக்காலா? இது எந்த ஊரு, வள்ளியூர் வந்தாச்சா? கண்டக்டரய்யா! ஏ கண்டக்டரய்யா, இங்கன எறக்கி விட்டுருங்க, நான் திரும்பிப் போறேன்! ஆமா, தெரியும், திருநெல்வேலிக்குத்தான் டிக்கெட்டு எடுத்தேன், இருக்கட்டும்!

ரெண்டு மணிக்கு எங்க ஊர் பஸ் உண்டு தம்பி. மூணரைக்குப் போயிருவேன். கிரவுண்டுக்குப் போவ மாட்டேன், பயப்படாதிய. என்னைப் பாத்தா பயலுவ கால் பின்னும், எல்லாரும் எம்மூஞ்சியையே பாத்துகிட்டு இருப்பானுவ, மேட்சு போயிரும். நேரா எலிசா வீடு. அவ வீட்டு மொட்டை மாடியில நின்னா கிரவுண்டு முழுசும் தெரியும், கோல் போஸ்ட்டு ரெண்டும் தெரியும். விக்டரு கீழ கிரவுண்டுல இருப்பான், எலிசா சமையக்கட்டுல இருப்பா. நான் பாட்டுக்கு தண்ணி டேங்குக்குப் பின்னால உக்காந்துக்கிடுதேன். ஏண்ணே வந்தேன்னு கேட்டா, எனக்கு இன்னைக்கு ரெஸ்ட்டுன்னு சொல்லிருவேன்.

இந்தாங்க, இந்தப் பையை நீங்க வச்சிக்கிடுங்க. மூணு பொட்டலமும் உங்களுக்குத்தான். சும்மா பிடிங்க தம்பி, எனக்கு வேண்டாம். ஊளி மீன் வறுவல் வச்சிருக்கா, நல்லா இருக்கும், சாப்பிடுங்க. நான் வயித்தைக் காலியா வச்சிருக்கணும். இன்னைக்கு அந்தக் கட்டையன் நிக்கான், பயலுவ ஜெயிச்சிருவானுவ.

தலை கோச்சுக்குன்னு எந்தங்கச்சி ஒரு நாளும் சொன்னது கிடையாது. ஜெயிச்ச ஊர்க்காரனுக்குன்னுதான் சொல்லியிருக்கா.